குளியலறையில் கோல்டு, கருப்பு, குரோம்: மூன்றும் ஒரே அறையில் சேருமா?

பரணி_வேளச்சேரி

வணக்கம். அடுக்ககத்தில் ஒரு குளியலறையைப் பிரித்து மறுபடி செய்கிறோம். 8 அடிக்கு 5 அடி. சுவரில் வெளிர் பழுப்பு மேட் டைல், தரையில் அடர் சாம்பல். டேபிள் டாப் பேசின், கன்சீல்டு சிஸ்டர்ன் (சுவருக்குள் மறையும் ஃப்ளஷ் தொட்டி), ஷவர் பக்கம் 8 மி.மீ. கண்ணாடித் தடுப்பு. தண்ணீர் போர்வெல். டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) 1,400, மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) 550, இரண்டும் லிட்டருக்கு மி.கி. கணக்கில், என்று ஆய்வுத் தாளில் இருக்கிறது.

வீட்டில் கேட்பது இது: பேசின் மிக்ஸர், ஷவர் எல்லாம் பிரஷ்டு (மெல்லிய கோடு போட்ட) கோல்டு. டவல் ராடு, ஹூக், கண்ணாடி ஃபிரேம் மேட் கருப்பு. ஆனால் டைவர்ட்டரின், அதாவது தண்ணீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ திருப்பும் வால்வின், உள்பாடியைச் சுவரில் பதித்தாயிற்று, அதற்கு வாங்கி வைத்த மேல்பாகம் குரோம். தரை ஜாலியும் கதவுக் கைப்பிடியும் ஸ்டீல். ஆங்கிள் காக்கையும் (சுவரில் இருக்கும் சின்ன அடைப்பு வால்வு) ஹெல்த் ஃபாசெட்டையும் (கமோடு பக்கத்துக் கைத்தெளிப்பான்) குரோமிலேயே முடித்தால் செலவு மிச்சம் என்கிறார் காண்ட்ராக்டர். இத்தனை நிறம் சேர்ந்தால் கண்ணை உறுத்துமா? எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?

மூலைமட்டம்

பரணி சார், எத்தனை நிறம் என்று எண்ணுவதற்கு முன்னால், கதவைத் திறந்து வாசலில் நின்று பாருங்கள். ஒரே பார்வையில் எந்தச் சுவர் விழுகிறது? 8க்கு 5 அறையில் அது பெரும்பாலும் பேசின் சுவரும் அதை ஒட்டிய கமோடு பக்கமும்தான். அந்தப் பார்வைக்குள் 2 நிறத்துக்கு மேல் போகாதீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருப்பதும், கால் பக்கம் தரையில் இருப்பதும் அடுத்த கணக்கு.

தண்ணீர் வருகிற பொருளெல்லாம் ஒரு நிறம், தண்ணீர் வராத பொருளெல்லாம் இன்னொரு நிறம் என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. உங்கள் வீட்டார் கேட்பது ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, நல்ல தேர்வு. இரண்டாவது நிறம் குறைந்தது 3 இடத்தில், வேறு வேறு உயரத்தில் வர வேண்டும். கருப்பில் ஒரே ஒரு ஹூக் மட்டும் இருந்தால், கடையில் கோல்டு கிடைக்காமல் வாங்கியது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். கண்ணாடி ஃபிரேம், டவல் ராடு, ஷவர் தடுப்பின் கிளாம்ப், இந்த மூன்றும் கருப்பாகிவிட்டால் அந்த நிறத்துக்கு அறையில் இடம் கிடைத்துவிடும்.

கலப்பு கெடுவது நிறம் கூடிப்போவதால் அல்ல. கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும் இரண்டு நிறம் அடுத்தடுத்து வருவதால்தான் கெடுகிறது. குரோமுக்குப் பக்கத்தில் பிரஷ்டு நிக்கல் வைத்தால் ஒன்று அழுக்கானது மாதிரி இருக்கும். இரண்டு கம்பெனியின் கோல்டை ஒரே சுவரில் வைத்தால் அதைவிட மோசம், ஒன்றில் சிவப்பு ஓடும், மற்றதில் பச்சை ஓடும். கோல்டுக்குப் பக்கத்தில் கருப்பு என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, தெரிந்தே வைத்தது என்று புரியும்.

ஆகவே உங்கள் பட்டியலில் எனக்கு இடிப்பது டைவர்ட்டரின் குரோம் தகடுதான். கோல்டு ஷவருக்கும் கோல்டு ஸ்பவுட்டுக்கும் (பக்கெட்டில் தண்ணீர் விழும் குழாய்) நடுவில், நெஞ்சு உயரத்தில், உள்ளங்கையை விடப் பெரிய குரோம் தகடு. அதை மறைக்க வழியே இல்லை. ஆங்கிள் காக் விஷயம் வேறு. பேசினுக்குக் கீழே மூடிய கேபினெட் இருந்தால் குரோமே போதும், அதற்குப் பணத்தைப் போடாதீர்கள். திறந்த பலகை என்றால் 2 ஆங்கிள் காக், பாட்டில் டிராப் (பேசினுக்கு அடியில் நாற்றம் தடுக்கும் குப்பி), வேஸ்ட் கப்ளிங் (பேசினின் வடிகால் வாய்) எல்லாம் மிக்ஸரின் நிறத்துக்கு வந்தாக வேண்டும்.

குழாய்வேலை_மதுரை

டைவர்ட்டருக்குப் பயப்பட வேண்டாம். கன்சீல்டு உள்பாடியும் மேல்பாகமும் தனித்தனி உருப்படி. பெரும்பாலான கம்பெனிகளில் உள்பாடி ஒன்றுதான், மேல்பாகம் மட்டும் குரோம், கருப்பு, கோல்டு, கிராஃபைட் என்று நிறத்துக்கு ஒரு எண்ணில் வரும். உள்பாடியின் பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைக் கடையில் காட்டி, அதே எண்ணுக்குப் பொருந்தும் கோல்டு மேல்பாகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிக்காத குரோம் மேல்பாகத்தைப் பில்லோடு கொடுத்தால் பல கடைகளில் மாற்றித் தருவார்கள். வேறு கம்பெனி மேல்பாகம் மட்டும் சேராது. ஸ்பிண்டில் (கைப்பிடித் தண்டு) நீளமும் அதைச் சுற்றிய ஸ்லீவின் மரையும் மாறும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது: சுவருக்குள் போன கம்பெனி எதுவோ, தண்ணீர் சாமான் எல்லாம் அதே கம்பெனியில் எடுப்பதுதான் புத்தி. கோல்டு என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு நிறத்தின் பெயர் அல்ல, கம்பெனியின் பெயர் மாதிரி. ஜாக்குவாரில் கோல்டு பிரைட், கோல்டு மேட் என்று தனித்தனி. கோலரில் ஃபிரெஞ்ச் கோல்டு. குரோஹேயில் கூல் சன்ரைஸ். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் மூன்று நிறம். கேட்லாக் அச்சை நம்பாதீர்கள், மொபைல் திரையை இன்னும் நம்பாதீர்கள்.

அடுத்தது, எல்லோரும் மறக்கிற சாமான்: எக்ஸ்டென்ஷன் நிப்பிள், அதாவது குழாய் வாயை நீட்டும் சின்ன மரைத் துண்டு. சுவருக்குள் இருக்கும் பித்தளை எல்போவின் வாய் டைல் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். டைல் 8 முதல் 10 மி.மீ., அதன் பின்னால் ஒட்டுப்பசை என்றால் 3 முதல் 6 மி.மீ., சிமெண்ட் கலவை என்றால் 12 முதல் 20 மி.மீ. பைப் போட்டவர் ஒட்டுப்பசைக்குக் கணக்குப் பண்ணி, டைல் போட்டவர் கலவையில் போட்டிருந்தால் எல்போ 1 செ.மீ. உள்ளே போய்விடும். அப்போது நிப்பிள் போட்டு இழுப்பார்கள். கடையில் கையோடு கொடுப்பது குரோம் நிப்பிள். அது 4 மி.மீ. வெளியே நீண்டால் கருப்பு ஆங்கிள் காக்குக்கும் கருப்பு ஃப்ளேஞ்சுக்கும் (சுவர்த் துளையை மறைக்கும் வட்டத் தகடு) நடுவில் ஒரு வெள்ளி வளையம் பளிச்சென்று தெரியும். அரை இஞ்சு, முக்கால், 1, ஒன்றரை, 2 இஞ்சு நீளங்களில் நிப்பிள் வரும். டைல் முடிந்ததும் ஒவ்வொரு வாயிலும் ஆழம் அளந்து, அதே நிறத்தில் அல்லது ஃப்ளேஞ்சுக்குள் முழுக்க ஒளிகிற நீளத்தில் வாங்குங்கள்.

நிக்கல்தொட்டி

முலாம் பூசும் தொழிலில் இருப்பதால், நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அழகை விட அதுதான் உங்கள் தண்ணீருக்கு முக்கியம்.

சாதாரணக் குரோம் குழாய் என்பது பித்தளை, அதன் மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிய குரோம். துருவைத் தடுப்பதும் பளபளப்பைத் தருவதும் நிக்கல் படலம்தான், 8 முதல் 10 மைக்ரான் வரை இருந்தால் நல்ல பூச்சு. மேலே உள்ள குரோம் அரை மைக்ரான்கூட வராது, ஆனால் கடினமானது, கீறல் தாங்கும்.

இன்றைக்கு நல்ல கம்பெனிகளின் கோல்டு, ரோஸ் கோல்டு, கிராஃபைட் பெரும்பாலும் பிவிடி. நிக்கலும் குரோமும் பூசிய குழாயை வெற்றிடக் கலத்தில் வைத்து, சிர்கோனியம் அல்லது டைட்டானியத்தை ஆவியாக்கி நைட்ரஜனோடு சேரவிட்டுப் படிய வைக்கிறோம். சிர்கோனியம் நைட்ரைடு வெளிறிய பித்தளை நிறம் தரும், டைட்டானியம் நைட்ரைடு நகைக் கடை மஞ்சள் தரும். கார்பன் உள்ள வாயுவைக் கூட்டினால் நிறம் சிவந்து, பிறகு கறுக்கும். வாயுவின் அளவு கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறும், அதனால்தான் ஒரே கம்பெனியிலேயே வேறு வேறு லாட்டில் வந்த கோல்டு இம்மியளவு பிசகும். கோல்டு சாமானை மொத்தமாக ஒரே ஆர்டரில் எடுங்கள், இரண்டு தவணையாக வேண்டாம்.

மேட் கருப்பு என்று விற்பதில் நாலு ஜாதி உண்டு: பவுடர் கோட்டிங், மின்படிவு பெயிண்ட், கருப்பு முலாம், கருப்பு பிவிடி. பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் தடிமன், கைக்கு மெத்தென்று இருக்கும், விளிம்பில் அடிபட்டால் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் தொட்டுப் பூச முடியாது, எதைப் பூசினாலும் பளபளப்பு வேறாகத் தெரியும். டவல் ராடுக்கு இது போதுமானது. குழாய்க் கைப்பிடிக்கு வேண்டாம், அங்கே மோதிரமும் வளையலும் தினமும் உரசும்.

பிளாஸ்டிக் சாமானில்தான் நிறம் கைவிடும். ஹெல்த் ஃபாசெட் துப்பாக்கி, கைஷவர், ஃப்ளஷ் பிளேட் எல்லாம் ஏபிஎஸ் பிளாஸ்டிக். பித்தளைக்குக் கொடுக்கும் சூட்டை அது தாங்காது. குறைந்த வெப்பத்தில் வேறு முறையில் பூசுவார்கள், அல்லது நிறம் கலந்த லாக்கர் அடிப்பார்கள். ஆகவே கோல்டு மிக்ஸரும் கோல்டு ஹெல்த் ஃபாசெட்டும் ஒரே பெட்டியில் வந்தாலும் ஒரே நிறமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோல்டிலேயே வேண்டுமென்றால் முழுப் பித்தளைத் துப்பாக்கி கேளுங்கள், கனமாக இருக்கும், விலையும் கூடும்.

சாந்தோம்_கட்டுநர்

நான் மாறுபடுகிறேன். கடினத்தன்மை 550 உள்ள தண்ணீரில் தண்ணீர் சாமானைக் கோல்டில் போடச் சொல்வது தேவையில்லாத செலவு. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை விடலாம் என்று இருக்கிறது. அந்த மேல்வரம்பின் பக்கத்தில் நிற்கிறார் இவர். எந்த ஷவரும் உப்புப் படியாமல் இருக்காது. தண்ணீர் சாமான் எல்லாம் குரோம், ஃபிரேம், ஹூக், கேபினெட் கைப்பிடி மட்டும் பித்தளை நிறம் என்று திருப்பிப் போடுங்கள். குரோம் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஏறக்குறைய பொருந்தும். வாங்கி வைத்த மேல்பாகமும் வீணாகாது. 6 வருடம் கழித்து ஒரு கைப்பிடி உடைந்தால் குரோம் எந்த ஊரிலும் கிடைக்கும், கோல்டு மாடலே நிறுத்தப்பட்டிருக்கும். நிறச் சாமான் குரோமை விட ஒன்றேகால் மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை விலை, பெரும்பாலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.

நிக்கல்தொட்டி

உதிரிபாகம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். உப்பு பற்றி மட்டும் ஒரு திருத்தம். உப்பு எல்லா நிறத்திலும் படியும், எதில் தெரிகிறது, எதைத் தேய்த்து எடுக்க முடிகிறது என்பதில்தான் வித்தியாசம். வெள்ளைக் கறை மேட் கருப்பில்தான் மிக மோசமாகத் தெரியும். அடுத்து பளபளக்கும் குரோமும் பளபளக்கும் கோல்டும். பிரஷ்டு கோல்டிலும் பிரஷ்டு நிக்கலிலும் குறைவாகத் தெரியும், ஏனென்றால் அந்த மெல்லிய கோடுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆகவே இவர் கேட்ட ஏற்பாட்டில் தண்ணீர் படும் இடத்தில் பிரஷ்டு பிவிடி, தண்ணீர் படாத இடத்தில் கருப்பு என்பது 550 கடினத்தன்மைக்கும் பொருந்தும். இதையே தலைகீழாக, கருப்பு மிக்ஸரும் கோல்டு ஹூக்கும் என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

மூலைமட்டம்

சாந்தோம் சார் சொன்ன வழி, செலவு கட்டுப்படாதவர்களுக்குச் சரியான வழிதான். ஆனால் அப்படிப் போனால் பித்தளை நிறத்தைக் கண்ணாடி ஃபிரேம், விளக்கு, கேபினெட் கைப்பிடி இந்த மூன்றிலாவது போட வேண்டும். இரண்டு ஹூக்கில் மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது.

பரணி சார், உங்கள் அறையில் விளக்கு என்ன? யாரும் இன்னும் கேட்கவில்லை.

பரணி_வேளச்சேரி

பேசினுக்குக் கீழே திறந்த பலகைதான். விளக்கு கூரையில் 6500 கே எல்இடி பேனல் 2 (கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிற அளவு; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீல வெள்ளை). குளியலறைக்கு வெள்ளை வெளிச்சம்தான் நல்லது என்றார்கள். மேல்பாகம் மாற்றித் தர கடையில் ஒப்புக்கொண்டார்கள். ஃப்ளஷ் பிளேட் இன்னும் வாங்கவில்லை.

மூலைமட்டம்

6500 கே விளக்கின் கீழே கோல்டு வெளிறிப் பச்சை ஓடும். வெளிர் பழுப்பு டைலும் சாம்பல் தட்டும். கடையில் மஞ்சள் ஸ்பாட் விளக்கில் பார்த்த நிறம் வீட்டில் ஏன் வரவில்லை என்று பலர் குழாயை மாற்றுகிறார்கள், மாற்ற வேண்டியது விளக்கை. கூரைக்கு 4000 கே, கண்ணாடிக்குப் பக்கத்தில் 3000 கே வைத்துப் பாருங்கள், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 அல்லது அதற்கு மேல். எல்லாம் 4000 ஆகவே இருந்தாலும் சரிதான். ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் டைலில் ஒரு துண்டும், வீட்டில் போடப்போகும் பல்பு ஒன்றும் கொண்டுபோங்கள். மாதிரியை டைல் மேல் நிற்க வைத்து, அந்தப் பல்பைப் போட்டுப் பாருங்கள். டைலின் பழுப்பில் சிவப்பு ஓடினால் சிவப்பு ஓடும் கோல்டு, மஞ்சள் ஓடினால் வெளிறிய பித்தளை. இதை மட்டும் சரியாகச் செய்தாலே அறை ஒட்டிப் பேசும்.

ஃப்ளஷ் பிளேட் கருப்பு எடுங்கள். பிளாஸ்டிக்கில் கோல்டு பொருந்தாது என்று நிக்கல்தொட்டி சார் சொன்னதைத்தான் நானும் பார்க்கிறேன். மேட் கருப்பு பிளாஸ்டிக்கில் இயல்பாகவே வரும். ஹெல்த் ஃபாசெட்டும் அதே பக்கத்தில் இருக்கிறது, அதையும் அதன் ஆங்கிள் காக்கையும் கருப்பிலேயே வைத்தால் கமோடு பக்கம் முழுக்க ஒரு நிறம், பேசின் பக்கமும் ஷவர் பக்கமும் கோல்டு. தண்ணீர் சாமான் ஒரு நிறம் என்று நான் சொன்ன விதி இங்கே உடைகிறது, உடையட்டும். ஒரு சுவரில் தெளிவாக ஒரு நிறம் என்பது அதைவிடப் பெரிய விதி.

கதவுக் கைப்பிடியைத் தொடவே வேண்டாம். அதன் வெளிமுகம் ஹாலுக்குச் சொந்தம், வீட்டின் மற்றக் கதவுகளோடு சேர்ந்தது. உள்ளே இருக்கும் தாழ்ப்பாள் மட்டும் கைப்பிடியோடு ஒத்துப் போகட்டும். தரை ஜாலி ஸ்டீலிலேயே இருக்கட்டும், அடர் சாம்பல் தரையில் அது தெரியாது. கோல்டு ஜாலி காலடியில் தேய்ந்து, சோப்பு நுரை படிந்து, முதலில் அசிங்கமாவது அதுதான்.

யாழ்கரை

வணக்கம். எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி, நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், கல்சியம் சரியான கூட. கடலும் கிட்ட. கறுப்பு ஹூக், டவல் றொட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் எண்டுதான் விக்கிறாங்கள், ஆனா திருகாணி இருக்கிற இடத்தில இருந்து பழுப்பா ஒழுகின மாதிரிக் கறை வருது. காந்தம் வச்சா ஒட்டேல்லை, அப்ப நல்ல ஸ்டீல் தானே? கடற்கரை வீட்டுக்கு என்ன தரம் கேக்க வேணும் அண்ணை?

நிக்கல்தொட்டி

காந்தம் இதில் ஏமாற்றும். ஸ்டெயின்லெஸ் தரங்களில் 202, 304 இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. 430 மட்டும் நன்றாக ஒட்டும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், விலை மலிவு, உப்புக் காற்றில் பழுப்பேறும். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், கடல் உப்பின் குளோரைடுக்கு அதுதான் தாங்கும். கடலுக்கு மிக அருகில் என்றால் ஹூக்கும் கண்ணாடிக் கிளாம்பும் 316 கேளுங்கள், அல்லது பித்தளையில் செய்து பூசியது எடுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் கறைக்குப் பெரும்பாலும் ஹூக் காரணம் அல்ல, பெட்டிக்குள் இலவசமாக வரும் திருகாணி. அது இரும்பில் மெல்லிய துத்தநாகப் பூச்சு. அந்தத் திருகாணியில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும். அதே நீளத்தில் 304 திருகாணி தனியாக வாங்கி மாற்றுங்கள்.

நாகக் (துத்தநாகக்) கலவையில் வார்த்த சாமானும் கவனம். பித்தளை என்று சொல்லித் தருவார்கள். கையில் தூக்கினால் அளவுக்குக் கனம் குறைவு, மரைக்குள் கீறிப் பார்த்தால் பித்தளை மஞ்சளாக இருக்கும், நாகம் சாம்பலாக இருக்கும். நாகத்தின் மேல் பூச்சில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலே ஈரம் உள்ளே போய் பூச்சு கொப்புளமாகக் கிளம்பும்.

குழாய்வேலை_மதுரை

உலோகம் கலப்பதும் பூச்சு கலப்பதும் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோல்டுக்குப் பக்கத்தில் கருப்பு வைப்பதால் துரு வராது. ஆனால் ஈரத்தில் பித்தளையோடு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளை நேராக முடுக்கினால் ஜிஐ சீக்கிரம் அரிக்கும், மரையிலேயே கசியும். பித்தளைக்குப் பித்தளை நிப்பிள்தான்.

மாட்டும் வேலை இப்படி நடக்கட்டும். டைல் போட்டு, கிரவுட் அடைத்து, ஆசிட் கழுவு முடிந்து, அறையைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, ஜன்னல் திறந்து 2 நாள் காற்றாட விட்ட பிறகுதான் நிறச் சாமான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். சிமெண்ட் கறை எடுக்கும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நேரே படாவிட்டாலும் அதன் புகையே போதும், குரோமில் மஞ்சள் படலம் வரும், ஸ்டெயின்லெஸ்ஸில் பழுப்புப் புள்ளி வரும். காண்ட்ராக்டர்கள் வேலை முடிந்ததைக் காட்ட முதலில் குழாயை மாட்டிவிட்டு, கடைசியில் ஆசிட் ஊற்றித் தரையைக் கழுவுவார்கள். இதை எழுத்தில் தடுத்துவிடுங்கள்.

பைப் ரெஞ்சு அறைக்குள்ளேயே வரக் கூடாது. பல் இல்லாத வழவழப்பான வாய் உள்ள ரெஞ்சு அல்லது பட்டை ரெஞ்சு, நடுவில் காடாத் துணி. டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள், வெளியே வெள்ளை நூல் தொங்கினால் கருப்பு ஃப்ளேஞ்சில் அப்படியே தெரியும், பிளேடால் வெட்டும்போது பூச்சைக் கீறிவிடுவார்கள். ஃப்ளேஞ்சின் பின்னால் சிலிகான் வைப்பதானால் நியூட்ரல் சிலிகான். வினிகர் வாசனை அடிக்கும் மலிவு சிலிகானிலிருந்து அசிட்டிக் அமிலம் வரும், பித்தளையையும் கண்ணாடியின் பின்பூச்சையும் அரிக்கும்.

டவல் ராடுக்குத் துளை போடும்போது டைல் முகத்தை டைல் பிட்டால், ஹேமரை அணைத்து, தண்ணீர் தொட்டுத் தாண்டுங்கள். டைல் தாண்டிய பிறகு மேசன்ரி பிட்டோடு ஹேமர். துளைக்குள் தூசியை ஊதி, பிளக் இறக்கும் முன் ஒரு சொட்டு நியூட்ரல் சிலிகான் விடுங்கள், சுவருக்குள் ஈரம் போகாது.

சாந்தோம்_கட்டுநர்

சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நிறப் பூச்சு வீணாவது பெரும்பாலும் வேலைக்கு வருபவர் கையில்தான், அவரிடம் யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் புளி, எலுமிச்சை, பீதாம்பரி பொடி என்று கை போகும். பூசாத வெறும் பித்தளைக் குழாய்க்கு அது சரி, கறுத்தால் புளி போட்டுத் தேய்த்து மறுபடி மின்ன வைக்கலாம். ஆனால் பித்தளை நிறத்தில் பூசிய குழாயில் பொடி கோடு போடும், லாக்கர் அடித்ததில் லாக்கரையே உரித்து, அங்கங்கே கறுக்க வைக்கும். பச்சை நார், கம்பி நார் இரண்டும் கூடாது. கழிப்பறைக்கு ஊற்றும் ஹார்பிக்கிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. அது பீங்கானுக்கு மட்டும், குழாயில் தெறிக்கக் கூடாது.

நிக்கல்தொட்டி

சேர்த்துச் சொல்கிறேன். தினமும் கடைசியாகக் குளிப்பவர் ஒரு பருத்தித் துணியால் மிக்ஸரையும் ஸ்பவுட்டையும் துடைத்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை. உப்புப் படிவது தண்ணீர் காயும்போதுதான். படிந்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது சுமார் ஒரு மேசைக்கரண்டி. துணியை நனைத்து 5 நிமிடம் சுற்றி வைத்து, கழுவித் துடைக்க வேண்டும். கருப்பிலும் லாக்கர் அடித்ததிலும் முதலில் பின்பக்கம் சோதித்து, 2 நிமிடத்தோடு எடுத்துவிடுங்கள். ஷவரின் ரப்பர் முளைகளைக் கட்டைவிரலால் உருட்டினாலே உப்பு உதிரும். மிக்ஸர் வாயில் இருக்கும் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றுக் கலக்கும் சல்லடை) கழற்றி அதே கரைசலில் ஊற வையுங்கள். அதைத் திறக்கும் சின்னப் பிளாஸ்டிக் சாவி பெட்டிக்குள் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சாஃப்ட்னர் வைப்பதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது, டிடிஎஸ் குறையாது. கறை அப்போதும் வரும், ஆனால் கல்லாக இறுகாது, ஈரத் துணிக்கே போய்விடும். கருப்புக் குழாய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு அது உதவும்.

பரணி_வேளச்சேரி

மிக்க நன்றி. எல்லோரும் சொன்னதை வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பிரஷ்டு கோல்டு பிவிடி, உள்பாடியின் அதே கம்பெனி, ஒரே ஆர்டர்: உயரமான பேசின் மிக்ஸர் 1, பாப்அப் வேஸ்ட் கப்ளிங் 1, பாட்டில் டிராப் 32 மி.மீ. 1, பேசின் ஆங்கிள் காக் 2, டைவர்ட்டர் மேல்பாகம் 1, பக்கெட் ஸ்பவுட் 1, ஷவர் ஆர்ம் 1, ஓவர்ஹெட் ஷவர் 1.

மேட் கருப்பு: ஃப்ளஷ் பிளேட் 1, ஹெல்த் ஃபாசெட் 1, அதன் ஆங்கிள் காக் 1, 24 இஞ்சு டவல் ராடு 1, ஹூக் 3, கண்ணாடி ஃபிரேம், கண்ணாடித் தடுப்பின் கிளாம்பும் யூ சேனலும்.

குரோம்: கீசர் ஆங்கிள் காக் 2. ஸ்டீல்: ஜாலி 2, கைப்பிடி, தாழ்ப்பாள், கீசர் ஹோஸ் 2. விளக்கு 4000 கே.

குழாய்வேலை_மதுரை

நல்ல பட்டியல். 4 இடத்தில் கை வைக்கிறேன்.

வேஸ்ட் கப்ளிங் வாங்கும் முன் பேசினில் ஓவர்ஃப்ளோ துளை (நிரம்பி வழியாமல் தடுக்கும் மேல்துளை) இருக்கிறதா பாருங்கள். துளை இருந்தால் ஹாஃப் த்ரெட் (பக்கத் துளை உள்ளது), இல்லாவிட்டால் ஃபுல் த்ரெட் (பக்கத் துளை இல்லாதது). மாற்றி வாங்கினால் ஒன்று ஓவர்ஃப்ளோ அடைபடும், அல்லது கப்ளிங்கின் பக்கத் துளை வழியே பேசினுக்கு அடியில் கசியும். கோல்டில் இரண்டும் ஸ்டாக் இருக்காது, ஆர்டரிலேயே சரியாகப் போடுங்கள்.

பேசின் மிக்ஸரோடு வரும் 2 இணைப்பு ஹோஸும் ஸ்டீல் பின்னல். திறந்த பலகைக்குக் கீழே கோல்டு ஆங்கிள் காக்கிலிருந்து வெள்ளி ஹோஸ் மேலே போவது தெரியும். ஆங்கிள் காக் வாயைப் பலகைக்கு நெருக்கமாக, பாட்டில் டிராப்புக்குப் பக்கத்தில் வருமாறு வைத்தால் பெரும்பகுதி மறையும். டைல் போடும் முன்பே இதைக் குறித்துக் கொடுங்கள்.

பாட்டில் டிராப்பின் சுவர்க் குழாயும் ஃப்ளேஞ்சும் கோல்டா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். உடல் மட்டும் கோல்டாகவும் நீட்டுக் குழாய் குரோமாகவும் சில பெட்டிகளில் வரும்.

கடைசியாக, கோல்டில் ஒரு ஆங்கிள் காக்கும் டைவர்ட்டர் கைப்பிடி ஒன்றும் கூடுதலாக வாங்கி, கருப்பு ஹெல்த் ஃபாசெட் ஒன்றோடு சேர்த்துப் பரணில் போட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான், எப்போதும் கிடைக்கும். வெளியே தெரியும் பாகம்தான் கிடைக்காமல் போகும். உள்பாடியின் மாடல் எண், லாட் எண், பில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பல கம்பெனிகளில் குரோமுக்குத் தரும் வாரண்டி வருடமும் நிறப் பூச்சுக்குத் தரும் வருடமும் வேறு, அதையும் ஆர்டர் போடும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

பரணி_வேளச்சேரி

பேசினில் ஓவர்ஃப்ளோ இல்லை, ஃபுல் த்ரெட் என்று மாற்றிவிட்டேன். ஆங்கிள் காக் வாய் இரண்டையும் பாட்டில் டிராப் மையத்திலிருந்து இருபுறமும் 3 இஞ்சில் வைக்கலாமா?

குழாய்வேலை_மதுரை

3 இஞ்சு என்றால் காக் கைப்பிடி திரும்பும்போது பாட்டில் டிராப்பில் இடிக்கலாம். 4 இஞ்சு வையுங்கள். அடைத்து மறைக்கும் முன் சாமானைக் கையில் பிடித்து ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.